மூன்றாவது ஆள்

சென்ற மாதம் ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். ஆங்கிலச் சிறுகதை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறார். முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஒரே ஒரு சொல்லில் வண்டி சேற்றில் இறங்கி நின்றுவிட்டது. அந்தச் சொல் 'ஆடிட்டி'. கதையில் ஒரு கிழவர் வருகிறார். ஊரார் அவரை ஓர் ஆடிட்டி என்று கருதினார்கள் என்கிறார் ஆசிரியர்.

"அகராதியில் விசித்திரம், விநோதம், விந்தை என்று மூன்று சொற்கள் இருக்கின்றன, ஸார். மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். எதை வைத்தாலும் கிழவர் சர்க்கஸ் கூடாரத்துக்குள் போய் நின்றுகொள்கிறார். கதையில் அவர் தெருவில்தான் நிற்கிறார்" என்றார்.

நல்ல மொழிபெயர்ப்பாளராக வருவார் என்று அந்த வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். எனக்கும் அந்தச் சொல்லுக்கும் பழைய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சொல்லின் பூர்வோத்தரத்தைப் பார்க்கலாம்.

'ஆடிட்டி'யின் வேர் 'ஆட்' என்ற ஓரசைச் சொல். இது இங்கிலாந்தின் சொந்தச் சொல் அல்ல, கப்பலேறி வந்தது. 8ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கி, டென்மார்க், நார்வே பக்கத்திலிருந்து வைக்கிங்குகள் வந்து இங்கிலாந்தைக் கொள்ளையடித்தார்கள். கொள்ளையடித்த இடம் பிடித்துப்போய், பலர் வடக்கிலும் கிழக்கிலும் குடியும் அமர்ந்துவிட்டார்கள். அவர்கள் பேசியது நோர்ஸ் மொழி. முட்டை, கத்தி, ஜன்னல் ஆகியவற்றுக்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களெல்லாம் அவர்கள் விட்டுப்போனவையே. 'ஆட்' என்பதும் அந்த மூட்டையில் வந்ததுதான்.

நோர்ஸ் மொழியில் 'ஒட்டி' என்றால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனை. முக்கோணத்துக்கும் அதே பெயர். ஒரு முக்கோணத்தைத் தரையில் வரைந்து பாருங்கள். அடிக்கோட்டின் இரண்டு மூலைகளும் ஜோடியாக உட்கார்ந்திருக்கின்றன. மூன்றாவது மூலை மட்டும் எட்டத்தில், கூராக, தனியாக நிற்கிறது. இப்படித்தான் 'முனை' என்ற பொருளிலிருந்து 'மூன்றாவது' என்ற பொருளும், அதிலிருந்து 'ஜோடியில்லாத எண்' என்ற பொருளும் பிறந்தன. நாம் ஒற்றைப்படை என்று சொல்கிறோமே, அது.

இதுவரை வெறும் கணக்கு. இனிமேல்தான் சுவாரஸ்யம். அந்த மொழியிலேயே 'ஒட்டாமாத்ர்' என்று ஒரு தொடர் உண்டு. ஒற்றைப்படை ஆள் என்று பொருள். நம் காதில் 'ஒட்டாதவர்' என்று விழும். அதைக் கொண்டு இது தமிழிலிருந்து போன சொல் என்று யாரும் கட்டுரை எழுதிவிட வேண்டாம், வெறும் தற்செயல். அந்த ஒற்றைப்படை ஆள் யார் என்பதுதான் விஷயம். இரண்டு பேருக்கு வழக்கு, இரண்டு பக்கமும் சமபலம். அப்போது மூன்றாவதாக ஓர் ஆளைக் கூப்பிட்டு, அவர் எந்தப் பக்கம் சொல்கிறாரோ அதுதான் முடிவு என்று வைத்துக்கொண்டார்கள். அவர்தான் ஒற்றைப்படை ஆள். அதாவது தொடக்கத்தில் 'ஆட்' மனிதர் என்றால் பரிகாசத்துக்கு உரியவர் அல்ல, தீர்ப்புச் சொல்கிறவர்.

ஒரே ஒரு மொழியில் இப்படி நேர்ந்திருந்தால் ஏதோ ஆகிவந்த வழக்கு என்று விட்டுவிடலாம். பிரெஞ்சிலும் இதே கதை நடந்திருக்கிறது. கிரிக்கெட் மைதானத்தில் நிற்கும் 'அம்பயர்' என்ற சொல்லைப் பாருங்கள். 14ஆம் நூற்றாண்டு வாக்கில் அதற்கு முன்னால் ஓர் 'ந' இருந்தது. 'நான்பெர்' என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. ஜோடி சேராதவர், இணையில்லாதவர் என்று பொருள். ஆங்கிலத்தில் 'ஒரு' என்பதற்குரிய சிறு சொல் அந்த 'ந'வைப் பிடுங்கித் தன்னோடு ஒட்டிக்கொண்டது; மிச்சம் நின்றது அம்பயர். வடக்கத்திய கடலோடியும் பிரெஞ்சுக்காரனும் தனித்தனியே யோசித்து, தீர்ப்புச் சொல்லத் தகுந்தவன் ஜோடியில்லாதவன்தான் என்ற ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

நாம் நடுவர் என்கிறோம், மத்தியஸ்தர் என்கிறோம். நடுவில் நிற்பவர் என்று நமக்குத் தோன்றியது. அவர்களுக்கோ தள்ளி நிற்பவர் என்று தோன்றியது. எது சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அண்ணன் தம்பிக்குப் பாகப்பிரிவினை நடக்கும் கூடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நடுவில் உட்கார்ந்திருக்கிறவரை இரண்டு பக்கமும் இழுக்கலாம். தூணோரமாகத் தள்ளி நிற்கிறவரை இழுப்பது கஷ்டம்.

அன்றாடப் பேச்சில் இந்தச் சொல் எப்படியெல்லாம் உருண்டிருக்கிறது என்றும் பார்த்துவிடலாம். அறுபதுடன் 'ஆட்' சேர்த்தால் அறுபத்துச் சொச்சம். வேலையோடு சேர்த்தால் சில்லறை வேலை. செருப்போடு சேர்த்தால் ஜோடி தொலைந்த ஒற்றைச் செருப்பு. பன்மையாக்கினால் குதிரைப் பந்தயத்தில் ஒன்றுக்கு இத்தனை என்று கட்டும் விகிதம். இரண்டு பேருக்குள் ஒத்துப்போகவில்லை என்பதற்கும் அதே பன்மைதான். சொச்சம், சில்லறை, ஒற்றை, விகிதம், பிணக்கு என்று நமக்கு ஐந்து சொற்கள் தேவைப்படும் இடத்தில் அவர்கள் ஒன்றை வைத்துக் காலம் தள்ளுகிறார்கள். ஐந்திலும் அடியில் ஓடுவது ஒன்றே. கணக்கு நேராகி முடிந்த பிறகும் கையில் எதுவோ மிஞ்சியிருக்கிறது.

இந்தச் சொல்லுக்கு 'விநோதமான' என்ற அர்த்தம் ஏறியது 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதற்கும் பின்னால், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதற்கு லத்தீன் வழி வந்த ஒரு வாலை ஒட்டி 'ஆடிட்டி' என்ற பெயர்ச்சொல்லைச் செய்தார்கள். வைக்கிங் தலைக்கு லத்தீன் வால்! விசித்திரத்தைக் குறிக்கும் சொல்லே ஒரு விசித்திரமாக அமைந்துவிட்டது. முதலில் அது ஒருவரிடம் காணும் கோணலைக் குறித்தது. பிறகு கோணல் உள்ள மனிதரையே குறித்தது. குணம் மனிதராகிவிட்டால் அப்புறம் அந்த மனிதரிடம் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை என்ற சௌகரியம் நமக்குக் கிடைத்துவிடுகிறது. தீர்ப்புச் சொன்ன ஆள் காட்சிப் பொருளானது இப்படித்தான்.

காட்சிப் பொருள் என்று சும்மா சொல்லவில்லை. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் வசதியுள்ளவர்கள் விசித்திரங்களைச் சேர்த்து அறை நிறைய வைத்தார்கள். லண்டனுக்கு அருகில் லாம்பெத்தில் டிரேட்ஸ்கண்ட் குடும்பத்தார் சேர்த்தவை கைமாறி, 1683இல் ஆக்ஸ்போர்டில் திறக்கப்பட்ட அஷ்மோலியன் மியூசியத்துக்கு வித்தாயின. பாடம் செய்த டோடோ பறவை ஒன்றும் அவற்றில் இருந்தது. இந்தப் பொருள்களுக்கு 'க்யூரியாசிட்டி' என்று பெயர். அதன் லத்தீன் மூலத்துக்கு என்ன அர்த்தம் தெரியுமா? அக்கறை. கவனமாகப் பேணுகிற குணம். அக்கறையில் தொடங்கிய சொல்லும் கடைசியில் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

பெட்டிக்குள் மனிதர்களும் போனார்கள். அயர்லாந்திலிருந்து வந்த சார்லஸ் பைர்ன் ஏழரை அடிக்கு மேல் உயரம். லண்டனில் காசு வாங்கிக்கொண்டு தன்னைத் தானே காட்டிப் பிழைத்தார். தாம் இறந்தால் உடலை அறுக்கக் கொடுக்காமல் கடலில் இறக்கிவிட வேண்டும் என்பது அவர் விருப்பம். 1783இல், 22 வயதில் இறந்தார். ஜான் ஹண்டர் என்ற பிரபல சர்ஜன் எப்படியோ உடலைக் கைப்பற்றி, எலும்புக்கூட்டைத் தம் சேகரிப்பில் நிறுத்தினார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அது ஹண்டரியன் மியூசியத்தில் நின்றது. 2023இல் அந்த மியூசியம் புதுப்பித்துத் திறக்கப்பட்டபோதுதான் காட்சியிலிருந்து அதை அகற்றினார்கள். கடலுக்கு அது இன்னும் போகவில்லை, ஆராய்ச்சிக்காக வைத்திருக்கிறார்கள். வைத்தியத்துக்கு அதனால் லாபம் உண்டா இல்லையா என்பது வேறு விவகாரம். ஒருவர் என்ன வேண்டும் என்று வாய் திறந்து சொல்லியிருக்கிறார். அவர் உயரத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் குரல் காதில் ஏறவில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

இலக்கியத்துக்கு வருவோம். டாக்டர் ஜான்சன் 1776இல், விசித்திரமானது எதுவும் நெடுநாள் நிற்காது என்ற கருத்தில் ஒரு தீர்ப்புச் சொன்னார். அவர் சாட்சிக்கு இழுத்தது லாரன்ஸ் ஸ்டெர்னின் டிரிஸ்ட்ராம் ஷாண்டி என்ற நாவலை. அவர் பயன்படுத்தியதும் இதே 'ஆட்' என்ற சொல்தான். 1759இல் வெளிவரத் தொடங்கிய அந்த நாவல் இன்னும் அச்சில் இருக்கிறது. சண்டையில் காயம்பட்டு வந்து, கொல்லைப் புல்வெளியில் பொம்மைக் கோட்டை கட்டி முற்றுகைகளைத் திரும்பத் திரும்ப நடத்தும் அங்கிள் டோபி இன்னும் உயிரோடிருக்கிறார். இதில் வேடிக்கை என்னவென்றால், ஜான்சனே பெரிய ஆடிட்டி. தெருக் கம்பங்களைத் தொட்டுக்கொண்டே நடப்பார். ஆரஞ்சுத் தோலைச் சேர்த்து வைப்பார். எதற்கென்று கேட்டால் சொல்ல மாட்டார். ஆரஞ்சுத் தோல் விஷயத்தைப் பாஸ்வெல் எழுதி வைத்திருக்கிறார். ஜான்சன் மறக்கப்படாமல் இருப்பதற்கு அவர் அகராதி எவ்வளவு காரணமோ அவ்வளவு அந்த ஆரஞ்சுத் தோலும் காரணம். ஏனென்றால் பாஸ்வெல் சிரித்துவிட்டுப் போய்விடவில்லை. பக்கத்தில் நின்று கேட்டார்.

கேட்பதுதான் விஷயம். இதை எனக்கு மிகத் தெளிவாகக் காட்டியவர் சார்லஸ் டிக்கன்ஸ். 1849-50இல் மாதா மாதம் பகுதி பகுதியாக வந்த டேவிட் காப்பர்பீல்டில் மிஸ்டர் டிக் என்று ஒருவர் வருகிறார். நரைத்த தலை, குழந்தை மனசு. பெரிய மனு ஒன்றைப் பல வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறார். முடிக்க முடியவில்லை. 1649இல் தலை வெட்டப்பட்ட முதலாம் சார்லஸ் ராஜாவின் தலை எப்படியோ ஒவ்வொரு முறையும் மனுவுக்குள் வந்து புகுந்துவிடுகிறது. எழுதிக் கெட்ட தாள்களைக் கொண்டு பெரிய காற்றாடி செய்து பறக்கவிடுகிறார்.

டிக்கன்ஸின் பாத்திரங்கள் தட்டையானவை, ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுபவை என்று இ. எம். பார்ஸ்டர் 1927இல் நாவலைப் பற்றிய தம் சொற்பொழிவுகளில் சொன்னார். தட்டையாக இருந்தும் எப்படியோ உயிர் துடிக்கிறது என்று அவரே வியந்தும் இருக்கிறார். அந்த 'எப்படியோ'வுக்கு மிஸ்டர் டிக்கிடம் விடை இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

சிறுவன் டேவிட் லண்டனிலிருந்து நடந்தே டோவருக்கு வந்து, அழுக்கும் கந்தலுமாக அத்தைப் பாட்டி பெட்ஸி டிராட்வுட் வாசலில் நிற்கிறான். அவள் கண்டிப்பானவள், என்ன செய்வதென்று தெரியாமல் மிஸ்டர் டிக்கைக் கேட்கிறாள். அவர் பையனைப் பார்த்துவிட்டு, குளிப்பாட்டலாம் என்கிறார். பிறகு மாற்றாந்தகப்பன் வந்து பையனைக் கொண்டுபோகப் பேச்சு நடத்துகிறான். உரிமை, கடமை, சட்டம் எல்லாம் பேசியாகிறது. மறுபடியும் அவரைக் கேட்கிறாள். உடனே அளவெடுத்து உடுப்புத் தைக்கலாம் என்கிறார். அதோடு வழக்கு முடிந்தது. பையன் அங்கேயே இருந்துவிடுகிறான். அந்த அறையில் இருந்தவர்களில் எந்தக் கட்சியும் இல்லாமல் பையனுக்குச் சரியான உடுப்பு இல்லாததை மட்டும் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

பின்னால் வயதான டாக்டர் ஸ்டிராங்குக்கும் அவர் இளம் மனைவிக்கும் நடுவில் ஒரு சந்தேகம் சுவர் மாதிரி எழும்புகிறது. புத்திசாலிகள் எல்லாரும் நாகரிகம் கருதி வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். அப்போதும் இவர்தான் இரண்டு பேரையும் எதிரெதிரே கொண்டுவந்து நிறுத்துகிறார். தன்னைப் போன்ற அசட்டை யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஆகையால் பெரியவர்களால் முடியாததைத் தான் செய்யலாம் என்பது அவர் போட்ட கணக்கு. இது அசட்டுக் கணக்கா? டிக்கன்ஸுக்கு நோர்ஸ் மொழி தெரியுமோ தெரியாதோ, அந்தப் பழைய ஒற்றைப்படை ஆளை அவர் மறுபடியும் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்.

இன்னொன்றும் செய்தார். சார்லஸ் ராஜாவின் தலை எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை வைத்திருக்கிறார். மிஸ்டர் டிக்கை அவர் அண்ணன் ஆயுளுக்கும் அடைத்து வைக்கப் பார்த்தான். அவருக்குப் பிரியமான சகோதரியின் கல்யாண வாழ்க்கை துன்பமாகிவிட்டது. அந்த இரண்டு பயங்களும் சேர்ந்து அவரைக் கலக்கிவிட்டன. நேராகச் சொல்ல முடியாத அந்தக் கலக்கத்துக்குத்தான் அவர் மனசு ராஜாவின் தலை என்று பெயர் வைத்திருக்கிறது. பெட்ஸி இதை டேவிட்டிடம் விளக்குகிறாள். காற்றாடியைப் பார்த்துச் சிரித்த நாம் அந்தப் பக்கத்துக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்துவதில்லை. ஆனால் அதே வாயால் வேறு மாதிரி சிரிக்கிறோம்.

இதற்கு நேர் எதிரான தவறும் ஒன்று உண்டு. ஜான் ஸ்டுவர்ட் மில் 1859இல் சுதந்திரத்தைப் பற்றி எழுதிய நூலில், வழக்கத்திலிருந்து விலகி நடக்கத் துணிகிறவர்கள் குறைந்துபோவதுதான் காலத்தின் பெரிய அபாயம் என்று வாதாடினார். அவர் குறிப்பிட்டது 'எக்ஸென்ட்ரிக்' மனிதர்களை. மையத்திலிருந்து விலகியது என்று பொருள்படும் அந்தக் கிரேக்கச் சொல் முதலில் வானசாஸ்திரத்தில், பூமியை மையமாகக் கொள்ளாத வட்டங்களைக் குறித்தது. மில் சொன்னது நியாயமே. ஆனால் அதைப் படித்தவர்களில் சிலர் கோணலையே பதக்கமாகக் குத்திக்கொண்டார்கள். நாவல்களிலும் அப்படி ஒரு வகை உண்டு. தாடி வைத்தவரெல்லாம் ஞானி, பித்துப் பிடித்தவரெல்லாம் உண்மை பேசுகிறவர். இதுவும் கண்ணாடிப் பெட்டிதான். அடியில் விளக்குப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவே. நீராவி எஞ்சினிலும் எக்ஸென்ட்ரிக் என்று ஒரு பாகம் உண்டு. மையம் தள்ளி அச்சில் பொருத்திய வட்டத் தகடு. அது தள்ளியிருப்பதால்தான் வால்வு முன்னும் பின்னும் நகர்கிறது. தள்ளியிருப்பது அதன் பெருமையும் அல்ல, சிறுமையும் அல்ல, அதன் வேலை.

இனி என் பழைய கணக்கு.

எழுத ஆரம்பித்த புதிதில் நான் ஒரு ஹாஸ்யக் கதை எழுதினேன். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். எப்போதும் கையில் குடை இருக்கும். மழை பெய்தால் அதை மடக்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தொப்பலாக நனைந்துகொண்டே போவார். மழை விட்டு வெயில் வந்ததும் திண்ணையில் அதை விரித்து வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். 'அவர் ஒரு மாதிரி' என்று தெருவில் சொல்வார்கள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. பெயரை மாற்றினேன், தெருவை மாற்றினேன், குடையை மாற்றவில்லை. கதை பத்திரிகையில் வந்தது. சிரித்துச் சிரித்துப் படித்ததாகப் பலர் சொன்னார்கள். அவர் வீட்டிலும் யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

ஒரு நாள் வழியில் என்னை நிறுத்தினார். கோபம் இல்லை. "நல்லாத்தான் எழுதியிருக்கே தம்பி. ஆனா குடை யாருதுன்னு நீ கேக்கவே இல்லையே" என்றார். நான் ஏதோ முணுமுணுத்தேன். அவர் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு நடந்துவிட்டார். அப்போதாவது கேட்டிருக்கலாம். வெட்கம் தடுத்தது. அடுத்த மாதம் கேட்கலாம் என்றிருந்தேன். அவர் அதற்கு இடம் வைக்கவில்லை. அந்தக் கதையை என் தொகுதி எதிலும் நான் சேர்த்ததில்லை. சேர்க்காததால் கணக்குத் தீர்ந்துவிடவும் இல்லை.

தெருவுக்கும் எனக்கும் வழக்கு என்று ஒன்று இருந்திருந்தால், அன்று தீர்ப்புச் சொன்னவர் அவர்தான். நான் தோற்றேன் என்பதை உணர இத்தனை வருஷம் பிடித்தது.

மூன்றாம் நாள் இளைஞர் வந்தார். 'அவர் ஒரு மாதிரி' என்று எழுதுங்கள் என்றேன். யோசித்துப் பார்த்தால் அது அற்புதமான பிரயோகம். மாதிரி என்றால் ஒன்றைப் போல இன்னொன்று. ஆனால் முன்னால் 'ஒரு' சேர்த்துவிட்டால் யாரையும் போல இல்லாதவர் என்றாகிவிடுகிறது. ஜோடியைக் குறிக்கும் சொல்லை எடுத்து ஜோடியில்லாதவருக்குச் சூட்டியிருக்கிறோம். அதில் பரிகாசமும் உண்டு, பரிகாசத்தை முடிக்காமல் பாதியில் நிறுத்தும் தயக்கமும் உண்டு. அந்தத் தயக்கம் இருக்கிற வரைக்கும் கிழவர் தெருவிலேயே நிற்பார். கூடாரத்துக்குள் போக மாட்டார்.

இளைஞர் குறித்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி, "கதையில் அந்தக் கிழவர் கடைசி வரை ஏன் அப்படி இருந்தார் என்று ஆசிரியர் சொல்லவே இல்லை, ஸார்" என்றார்.

"யாராவது கேட்கிறார்களா?" என்றேன்.

"ஒரு சின்னப் பெண் கேட்கிறாள்."

"அப்படியானால் கதை நல்ல கதைதான். சீக்கிரம் முடியுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன்.